பாப்பாவுக்கு, அந்தப் பெட்டியைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலை. உன் புது கிட்டார் பெட்டி வழியாக வாசித்து நீ வாட்ஸப்பில் அனுப்பிய ஆடியோவை ஷெட்டில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டுக் கேட்டேன். ஹெட்போனில் அவ்வளவு நன்றாக இருந்தது, பெங்களூரில் அந்த ஹாலில் வாசித்தபோது மட்டும் தேனீக்கூட்டம் மாதிரி இரைந்தது என்று சொன்னாயே, அதற்குப் பதில் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பங்குனியில் மேலூர்ப் பக்கம் நம்ம ஆர்கெஸ்ட்ராவோடு மேடை ஏறப்போகிறாய், அதற்குள் சரிபண்ணிவிட வேண்டும்.

யூடியூபில் சொல்லிக்கொடுப்பவர்கள் எல்லோரும் கிட்டார் முனையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். முதலில் டியூனர், அப்புறம் ஓவர்டிரைவ் (கரகரப்பு கூட்டும் பெடல்), அப்புறம் ஆம்ப் என்று. நான் இத்தனை வருஷமும் மிக்ஸருக்குப் பின்னால் நின்றவன், எனக்கு எல்லாம் அந்த முனையிலிருந்துதான் தெரியும். சத்தம் கடைசியில் எதன் வழியாக வெளியே வருகிறது? அதை முடிவு பண்ணிவிட்டு அங்கிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் வா. நீ வாங்கியிருக்கும் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் பெட்டியாக இருந்தாலும் சரி, ஆம்பையும் எஃபெக்டையும் டிஜிட்டலில் நகலெடுக்கும் வேறு எந்த மாடலராக இருந்தாலும் சரி, தப்பு பெரும்பாலும் இந்தக் கடைசி முனையில்தான் நடக்கும்.

கிட்டார் ஆம்பில் இருக்கும் பன்னிரண்டு இன்ச் ஸ்பீக்கர் நம்ம பாக்ஸ் மாதிரி கிடையாது. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அது மளமளவென்று இறங்கிவிடும். டிஸ்டார்ஷனில் வருகிற கரகரப்பை எல்லாம் அதுதான் வடிகட்டிக் கொடுக்கிறது. நம்ம மேடை பாக்ஸில் தனியாக டுவீட்டர் ஹாரன் உண்டு, மேலே 15 கிலோஹெர்ட்ஸ் வரை அப்படியே கத்தும். அதனால் மிக்ஸருக்குப் போகிற சிக்னலில் கேபினெட் பிளாக், அதாவது அந்த கிட்டார் ஸ்பீக்கரை நகலெடுக்கும் பகுதி (கேப் சிமுலேஷன் என்பதும் இதுதான்), கட்டாயம் ஆனில் இருக்க வேண்டும். அன்றைக்கு ஹாலில் யாரோ "கேப் சிமுலேஷனை அணைத்துவிடு" என்று சொன்னதாகச் சொன்னாயே, அது நிஜ ஆம்பின் பவர் ஆம்புக்குள் குத்தும்போது சொல்ல வேண்டிய யோசனை. அங்கே நிஜ ஸ்பீக்கர் இருக்கிறது, அதன் மேல் இன்னொரு ஸ்பீக்கரைப் போட்டால் போர்வைக்குள் பாடுகிற மாதிரி அமுங்கிவிடும். மிக்ஸருக்குப் போகும்போது அதை அணைத்தால் நீ கேட்ட இரைச்சல்தான் வரும்.

அந்த கேப் பிளாக்கில் ஐஆர் என்று ஒன்று போடலாம் என்று கேட்டிருந்தாய். ஒரு ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைத்து, அந்த ஸ்பீக்கரும் மைக்கும் அறையும் சேர்ந்து சத்தத்தை என்ன செய்கிறது என்று பதிவு பண்ணி வைத்த சின்ன வேவ் ஃபைல், அவ்வளவுதான். 2048 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் சுமார் 43 மில்லிசெகண்டு நீளம். ஆயிரக்கணக்கில் இறக்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மாற்றி மாற்றிக் கேட்காதே, காது சலித்துப்போய் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். பெட்டியில் இருக்கிற கேபினெட்டையே எடுத்து, மைக்காக 57-ஐ வை. ஷ்யூர் எஸ்எம்57, 1965-இல் வந்த மைக், நம்ம ஷெட்டில் ஸ்னேர் டிரம்முக்கு வைப்போமே அதுதான். கோனின் நடுவில் வைத்தால் கூர்மை, ஓரத்துக்கு நகர்த்தினால் சாந்தம். மேடையில் எப்படியோ அப்படியேதான் பெட்டிக்குள்ளும். அப்புறம் லோ கட் 90 ஹெர்ட்ஸில், ஹை கட் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வை. கிட்டாரின் தடித்த ஈ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பேஸ் கிட்டாருக்கும் ரிதம் பேடுக்கும் சேர வேண்டிய இடம். தனியாகக் கேட்டால் "என்னப்பா, மெலிந்துவிட்டது" என்பாய். எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது நீ மட்டும் பளிச்சென்று கேட்பாய்.

இன்னொரு சங்கதி, இதுதான் பெரிய சங்கதி. ஹெட்போனில், ராத்திரி பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் மெதுவாக வைத்து டோன் பண்ணுகிறாய். மெதுவான சத்தத்தில் நம் காதுக்கு அடிப்பக்கமும் மேல்பக்கமும் சரியாக விழாது. பிளெட்சர், மன்சன் என்று இரண்டு பேர் 1933-லேயே இதை அளந்து கோடு போட்டுக் காட்டிவிட்டார்கள். காதுக்கு விழாததை நீ பேஸையும் டிரெபிளையும் திருகி ஏற்றி ஈடுகட்டுகிறாய். அதே பேட்சை (சேமித்து வைத்த டோன் செட்டிங்கை) மேடையில் கொண்டுவந்து சத்தமாக வைத்தால் கீழே குமுகுமு, மேலே காதைக் கிழிக்கிறது, நடுவில் ஒன்றுமே இல்லை. கிட்டாரின் உயிர் நடுவில்தான் இருக்கிறது, பாடகர் குரலும் அங்கேதான் நிற்கிறது, அதனால் அங்கே இடம்பிடிக்கத் தெரியாதவர்கள்தான் "மானிட்டரில் என்னை ஏற்றுங்க, ஏற்றுங்க" என்று என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பேட்ச் பண்ணுகிற வேலையை மேடைச் சத்தத்தில்தான் பண்ண வேண்டும். அங்கே வாடகை வீட்டில் முடியாது என்றால் இங்கே வந்து பண்ணு.

சரி, உள்ளே என்ன வரிசை என்று பார்ப்போம். நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது), வா (wah) பெடல், கம்ப்ரஸர் (ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவது), ஓவர்டிரைவ், ஆம்ப், கேப், கோரஸ் (பலர் சேர்ந்து வாசிப்பது போல் ஆக்குவது), டிலே (எதிரொலி), ரிவர்ப் (அறை முழக்கம்). இந்த வரிசை வேதம் இல்லை, ஆனால் காரணம் தெரிந்த பிறகு மீறு. டிலேயை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து அரைபட்டு ஒரே கூழாகிவிடும், பின்னால் வைத்தால் அரைத்து முடித்த சத்தம் திரும்பத் திரும்பத் தெளிவாக வரும். சிலருக்கு அந்தக் கூழ்தான் பிடிக்கும், அது அவரவர் ருசி.

லீட் பூஸ்ட் (தனியாக வாசிக்கும்போது சத்தத்தை ஏற்றுவது) விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இடையிசையில் உன் லீட் வருகிறது, பூஸ்டை மிதிக்கிறாய், ஒன்றுமே ஏறவில்லை, கரகரப்பு மட்டும் கூடுகிறது. ஏன்? ஏற்கெனவே நிரம்பி வழிகிற ஆம்புக்கு முன்னால் பூஸ்டை வைத்திருக்கிறாய். அங்கே எவ்வளவு தள்ளினாலும் டிஸ்டார்ஷன்தான் கூடும், சத்தம் கூடாது. சத்தம் வேண்டுமென்றால் பூஸ்ட் பிளாக்கை ஆம்பும் கேபும் தாண்டிப் பின்னால் வை, மூன்று நான்கு டிபி (டெசிபல்) போதும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் ஒன்றொன்று. அதே மாதிரி கிளீன் பேட்சுக்கும் டிரைவ் பேட்சுக்கும் லெவலை மீட்டர் பார்த்துச் சமன் பண்ணாதே. கிளீனில் ஒவ்வொரு தட்டலுக்கும் முள் துள்ளும், டிரைவில் சிக்னல் நசுங்கி ஒரே உயரத்தில் நிற்கும். மீட்டரில் சமமாக நின்றால் காதுக்கு டிரைவ்தான் பெரிதாகக் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு காதால் சமன் பண்ணு. பாட்டு நடுவில் பிரீசெட்டை (பேட்சைத்தான் பெட்டியில் இப்படிச் சொல்வார்கள்) மாற்றினால் கண நேரம் சத்தம் அறுந்து போகும், ஒரே பிரீசெட்டுக்குள் வேறு வேறு அமைப்பை நினைவில் வைக்கும் ஸ்னாப்ஷாட்டாக வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை கிடையாது.

இப்போது வெளியே வருவோம். நம்ம ஊர்த் திருவிழா மேடையில் ஸ்டீரியோவை மறந்துவிடு. தெரு முழுக்கப் பாக்ஸும் குழாயும் கட்டியிருப்பார்கள், எல்லாம் மோனோ. இடது வலது என்று மாறி மாறித் துள்ளுகிற டிலே உன் ஹெட்போனில் அழகு, இங்கே ஒரு பக்கத்து ஒயரை மட்டும் எடுத்தால் பாதி எதிரொலி காணாமல் போய்விடும். லெஃப்ட் மோனோ என்று எழுதியிருக்கிற ஓட்டையில் மட்டும் குத்தினால் பெட்டியே இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். ஆனால் ஸ்டீரியோ கோரஸைச் சேர்த்தால் சில சமயம் ஒன்றை ஒன்று தின்று மெலிந்துவிடும், அதனால் இங்கே வருவதற்கு முன்னால் எல்லா எஃபெக்டையும் மோனோவில் போட்டே கேட்டுவிடு.

ஹெச்எக்ஸ் ஸ்டாம்பில் எக்ஸ்எல்ஆர் ஓட்டை (மைக் ஒயர் குத்துகிற மூன்று முள் ஓட்டை) இல்லை, கால் இஞ்ச் ஜேக்தான். அதிலிருந்து நேராக நீள ஒயர் இழுத்து மிக்ஸர் வரை கொண்டு போகாதே. மிக்ஸர் கூட்டத்துக்குப் பின்னால் எங்கேயோ கிடக்கும், வழியில் உள்ள கரண்டு ஒயர் எல்லாம் அதில் ஏறிவிடும். காலடியிலேயே ஒரு டிஐ பாக்ஸ் வை. அது ஒரே சிக்னலை நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று என்று இரண்டு ஒயரில் அனுப்பும், மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், வழியில் ஏறிய இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் அடிபட்டுப் போய்விடும். டிரான்ஸ்பார்மர் வைத்த பாசிவ் டிஐயாக வாங்கு. மிக்ஸரில் கண்டென்சர் மைக்குக்காக 48 வோல்ட் பேண்டம் பவரைப் பொதுவாகப் போட்டு வைத்திருப்பார்கள், அது உன் பெட்டிக்குள் ஏறாமல் அந்த டிரான்ஸ்பார்மர் தடுத்துவிடும்.

ஹம் அடித்தால் முதலில் டிஐயில் இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை (சிக்னல் ஒயரின் எர்த்தை மட்டும் துண்டிப்பது) தட்டு. நம்ம ஊர்க் கரண்டு 50 ஹெர்ட்ஸ், அந்த "ம்ம்ம்" சத்தம் வந்தால் பெரும்பாலும் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது என்று அர்த்தம். அதற்காக பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிற ஆள் இன்னும் இருக்கிறான் பாப்பா, என் கண்முன்னே யாராவது பண்ணினால் மேடையை விட்டு இறக்கிவிடுவேன். கிட்டார் கம்பி பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கிறது, உன் கை அதில், உதடு மைக்கில். இரண்டு எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ் இருந்தால் அது உன் வழியாகத்தான் பாயும். ஜெனரேட்டரில் ஓடுகிற கிராமத்து மேடையில் இது விளையாட்டில்லை. பாடுவதற்கு முன்னால் புறங்கையால் மைக்கை லேசாகத் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள். கரண்டு எடுக்கும்போது மிக்ஸர் எடுக்கிற அதே லைனிலிருந்து எடு, சீரியல் செட் ஓடுகிற போர்டில் மட்டும் குத்தாதே. அந்த சீரியல் பல்பு டிம்மர் கொர்ரென்று உன் சிங்கிள் காயில் பிக்கப்பில் ஏறும். ஏறினால் நின்ற இடத்திலேயே கொஞ்சம் திரும்பிப் பார், ஒரு கோணத்தில் குறையும்.

அடாப்டர் விஷயம் சுருக்கமாக. உன் பெட்டி 9 வோல்ட், 3 ஆம்பியர் கேட்கும். உன்னிடம் இருக்கிற அந்த நீல பாஸ் (Boss) கம்பெனி ஓவர்டிரைவ் பெடலும் 9 வோல்ட்தான், ஆனால் சில மில்லி ஆம்பியர் போதும். ஒரே அடாப்டரில் வால் பிடித்து எல்லாவற்றுக்கும் மாட்டினால் டிஜிட்டல் பெட்டியின் கீச்சுச் சத்தம் மற்றதில் ஏறும். தனித்தனி அடாப்டர், இல்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பிரித்துக் கொடுக்கும் ஐசொலேட்டட் சப்ளை. இரண்டுக்கும் நடுப்பின் நெகட்டிவ். கடைக்காரன் "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று கொடுப்பதை வாங்கி மாட்டிவிடாதே.

அந்த நீல பெடலை கிட்டாருக்கும் பெட்டிக்கும் நடுவிலேயே வைத்துக்கொள். பெட்டியின் சென்ட் ரிட்டர்ன் ஓட்டையில் போட்டால் இஷ்டப்பட்ட இடத்துக்கு நகர்த்தலாம்தான், ஆனால் சிக்னல் இன்னொரு தடவை டிஜிட்டலிலிருந்து வெளியே போய்த் திரும்பி வர வேண்டும், கூடுதலாகக் கொஞ்சம் தாமதம். அந்தத் தாமதத்தை நினைத்து ரொம்பப் பயப்படவும் வேண்டாம், பாக்ஸிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே சத்தம் உன் காதுக்கு வர 9 மில்லிசெகண்டு ஆகிவிடுகிறது. கீபோர்ட் வாசிக்கும் அண்ணன் பழைய டியூப் ஆம்ப் ஒன்று தருகிறேன் என்கிறார், நான்கு ஒயர் போட்டு, கிட்டாரிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து ஆம்ப் இன்புட், ஆம்ப் சென்டிலிருந்து திரும்பப் பெட்டி, பெட்டியிலிருந்து ஆம்ப் ரிட்டர்ன் என்று மாட்டலாம். எனக்கு இஷ்டமில்லை. ஹம் வந்தால் தேடுவதற்கு இடம் நாலு மடங்காகிவிடும், அதோடு பத்து மணிக்குள் கச்சேரியை முடித்தாக வேண்டும் என்பதால் சவுண்ட் செக்குக்குக் கிடைக்கிற நேரம் சொற்பம்.

கச்சேரி சனிக்கிழமை. நீ வியாழன் ராத்திரியே பஸ் ஏறிவிட்டால் வெள்ளி முழுக்க ஷெட் உனக்குத்தான், அன்றைக்கு வேறு ஆர்டர் எடுக்கவில்லை. பாக்ஸ் இரண்டும் மிக்ஸரும் கட்டி வைக்கிறேன். டிஐ பாக்ஸை அங்கேயே வாங்கிவிடு, என்னிடம் இருக்கிற இரண்டும் பேஸுக்கும் கீபோர்டுக்கும் போய்விடும். கிட்டார் ஒயர் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொள். எந்தெந்தப் பாட்டு என்று பாடகர் அனுப்பிய பட்டியலை உன் நம்பருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை என்றால் சொல்லு.

அன்புடன்,
அப்பா