மஸ்கோகா பயணத்துக்கான ஆயத்தம் தை மாதத்திலேயே தொடங்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். யூன் மாதம் பிறந்துவிட்டால் ரொறன்ரோவில் நம்மவர் கூடுகிற பிறந்தநாள் வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் "இந்த முறை கொட்டேஜ் எடுத்தாச்சா?" என்ற கேள்வி தவறாமல் எழுகிறது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் யாரோ ஒருவர் படுக்கையறைகளின் எண்ணிக்கையையும் வாடகையையும் மட்டும் பார்த்து ரொறன்ரோவுக்கு வடக்கே ஏரிகள் நிறைந்த மஸ்கோகாவில் கொட்டேஜ் எனப்படும் கோடை வாடகை வீடு ஒன்றைப் பிடிக்கிறார். ஓகஸ்ட் நீண்ட வார இறுதியில் நான்கைந்து வாகனங்களில் குடும்பங்கள் புறப்படுகின்றன. பதினொரு கோடைகளாக அந்த ஏரிகளுக்குப் போய் வருகிறவன் என்ற முறையிலும், அவற்றுள் ஒரு கோடையில் எங்கள் வீட்டுப் பிள்ளையைப் பறிகொடுக்க இருந்து மீட்டுக்கொண்டவன் என்ற முறையிலும், இவ்வாறு திட்டமிடுவது தவறு என்பதையும், ஏரிக்கரைப் பயணத்துக்கான ஆயத்தம் வாடகை வீட்டிலிருந்து அல்லாமல் தண்ணீரிலிருந்து, அதுவும் தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்க வேண்டும் என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

மஸ்கோகாவைக் கடற்கரைச் சுற்றுலாத் தலம்போல எண்ணிப் புறப்படுவதில்தான் முதற் பிழை நிகழ்கிறது. ஸ்காபரோவிலிருந்து 400ஆம் நெடுஞ்சாலையில் பேரி வரை சென்று, அங்கிருந்து 11ஆம் நெடுஞ்சாலையில் ஒரிலியாவைக் கடந்ததும், இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த கருங்கற் பாறைகள் வீதியின் இருபுறமும் தலைகாட்டத் தொடங்குகின்றன. கனடாவின் பெரும்பகுதிக்கு அடித்தளமாக விளங்கும் தொன்மையான பாறைப் படுகையின் தென்விளிம்பு அது. 1868ஆம் ஆண்டின் இலவசக் காணிச் சட்டத்தின் கீழ் இங்கே நிலம் பெற்று வந்த குடியேறிகள் பலர், சிறிது தோண்டியதுமே பாறையில் முட்டிக்கொண்டதால், பயிர்ச்செய்கையில் நம்பிக்கை இழந்து, மரத் தொழிலையும் கோடை விருந்தினரையும் நம்பி வாழ்ந்தார்கள் என்பது அந்தப் பகுதியின் வரலாறு. அதே பாறைதான் மஸ்கோகா, ரோசோ, ஜோசப் ஆகிய மூன்று பெரிய ஏரிகளின் கரைகளிலும் நீருக்குள் இறங்குகிறது. படிப்படியாக ஆழம் கூடுகிற மணற்கரை சில இடங்களில் மட்டுமே உண்டு. ஏனைய இடங்களில், டொக் என்று நாம் சொல்லும் மர இறங்குதுறையின் நுனியிலிருந்து ஓர் அடி எடுத்து வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மஸ்கோகா ஏரியின் சிறு குடா ஒன்றில் வாடகைக்கு எடுத்த வீட்டில் நாங்கள் இருபத்து மூன்று பேர் தங்கியிருந்தோம். இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டை டொக்கிலேயே பரிமாறினோம். என் தங்கையின் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. சோற்றுத் தட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தபோது, அவளுடைய ஒற்றைச் செருப்பு தண்ணீரில் மிதப்பதை என் தம்பி கண்டான். அவள் விழுந்த சத்தம் எவருக்கும் கேட்கவில்லை. அவள் கத்தவுமில்லை, கையை வீசவுமில்லை. காட்டுத் தரையிலும் சதுப்பிலும் ஊறி வருகிற சாயத்தால் அந்த ஏரித் தண்ணீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் இருக்கும். அதற்குள் அவளுடைய தலைமயிர் மட்டும் மெல்ல விரிந்து தெரிந்தது. வடமராட்சிக் கடலில் நீந்தி வளர்ந்த தம்பி உடுத்த உடையோடு பாய்ந்து அவளைத் தூக்கிவிட்டான். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் வளர்ந்தவர்கள் பதினான்கு பேர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தோம் என்பதையும், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருந்தோம் என்பதையும் என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கரையோர ஊர்களில் பிறந்தவர்களையும் குளத்தில் குதித்து விளையாடியவர்களையும் தவிர, கிணற்றடியில் வாளியால் அள்ளிக் குளித்து வளர்ந்தவர்களே அதிகம். கடலில் நீந்தியவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: உப்புத் தண்ணீர் உடலைத் தாங்குவதுபோல ஏரியின் நன்னீர் தாங்காது. மேலும், கோடையிலும் மேற்பரப்பு இதமாக இருக்கும்போது கீழே ஆழத்தில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடுகிறது.

ஆகையால்தான் தை மாதம் என்கிறேன். நகரசபையின் நீச்சல் வகுப்புகளுக்குப் பருவந்தோறும் பதிவு நடைபெறுகிறது. பதிவு திறக்கும் காலையிலேயே இடங்கள் நிரம்பிவிடுவதால், யூலையில் விழித்துக்கொள்கிறவருக்கு அந்தக் கோடைக்கு எதுவும் கிடைப்பதில்லை. லைஃப்சேவிங் சொசைட்டி என்ற அமைப்பு, தற்செயலாகத் தண்ணீரில் விழுபவர் உயிர்தப்புவதற்கு வேண்டிய மூன்று திறன்களை வகுத்திருக்கிறது: ஆழமான நீருக்குள் உருண்டு விழுந்து மீண்டும் மேலே வருதல், ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதந்திருத்தல், பின்னர் 50 மீற்றர் நீந்துதல். போட்டி நீச்சல் அழகெல்லாம் இதற்குத் தேவையில்லை. தை முதல் ஆனி வரை வாரம் ஒரு முறை சென்றால் இந்த அளவுக்குப் பிள்ளைகள் பலர் தேறிவிடுவார்கள். பிள்ளைகளோடு சேர்ந்து தாய்மாரும் கற்கத் தொடங்கியிருப்பதை எங்கள் அயலிலேயே காண்கிறேன். நீளக் கை வைத்த நீச்சலுடை அணிந்து நாற்பத்தெட்டு வயதில் முதன்முறையாகத் தண்ணீரில் முகத்தை அமிழ்த்திய என் தங்கையும் அவர்களுள் ஒருவர்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். டொக்கில் பிள்ளைகள் இருக்கும் நேரமெல்லாம் வளர்ந்தவர் ஒருவர் பச்சைத் தொப்பி அணிந்திருப்பார். தொப்பி தலையில் இருக்கும்வரை அவருக்குக் கைத்தொலைபேசி இல்லை, சாப்பாட்டுத் தட்டு இல்லை, மதுவும் இல்லை. தண்ணீரைப் பார்ப்பது மட்டுமே வேலை. அரை மணி நேரம் முடிந்ததும் அடுத்தவரின் பெயரைச் சொல்லி அழைத்து, அவர் தலையில் தொப்பியை வைத்த பின்னரே எழுந்து போகலாம். உயிர்காப்பு அங்கிகளையும் பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற அளவில் நாங்களே வாங்கிச் செல்கிறோம். வாடகை வீட்டின் கொட்டிலில் தொங்குபவை பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை. அவற்றைப் பிள்ளைக்கு அணிவித்தால், விழுந்த வேகத்தில் அங்கி மேலே போக, பிள்ளை கீழே வழுவிவிடும். காற்றடைத்த மிதவைகளை விளையாட்டுப் பொருளாக மட்டுமே கருத வேண்டும். படகில் ஏறும் ஒவ்வொருவருக்கும் பொருத்தமான அங்கி ஒன்று படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். மோட்டார் படகை ஓட்டுவதற்கும் தகைமைச் சான்று வேண்டும்.

ஆட்களின் எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் நாங்கள் செய்த பிழை வெளிப்படையானது. அந்த வீடு பத்துப் பேருக்கு என்று எழுதப்பட்டிருந்தது. நாங்கள் இருபத்து மூன்று பேர் போனோம். மூன்றாம் நாள் காலை கழிவறைத் தண்ணீர் வடியாமல் மேலெழுந்து, குளியலறைத் தரை முழுவதும் பரவியது. அந்த வீடுகளுக்கு நகரத்துக் கழிவுநீர்க் குழாய் இல்லை. முற்றத்து மண்ணுக்கடியில் தொட்டி ஒன்றும், அதிலிருந்து நீர் கசிந்து இறங்கும் வடிகால் நிலமும் இருக்கின்றன. ஒன்ராறியோவின் கட்டட விதிகள் அந்தத் தொட்டியைப் படுக்கையறைக் கணக்கில் அளவிடுகின்றன: மூன்று படுக்கையறை வீட்டுக்கு நாளொன்றுக்கு 1,600 லீற்றர் கழிவுநீர். இருபத்து மூன்று பேரின் குளிப்பும், சோற்றுப் பானைகளைக் கழுவி ஊற்றிய கஞ்சியும் எண்ணெய்யும் சேர்ந்தால் அந்தத் தொட்டி என்ன செய்யும்? அது நிரம்பி வழிந்தால் போய்ச் சேரும் இடமும் பிள்ளைகள் குளிக்கும் அதே ஏரிதான். உரிமையாளர் கோபப்பட்டது முற்றிலும் நியாயம். உறவினர் எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டும் என்ற ஆசையை நான் குறை கூறவில்லை. இரண்டு வீடுகளை அருகருகே எடுக்கலாம், அல்லது ஒரு பகுதியினர் ஒரு வாரமும் மறுபகுதியினர் அடுத்த வாரமும் போகலாம். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் பல வீடுகள் சனி முதல் சனி வரை வாரக் கணக்கிலேயே கிடைக்கின்றன என்பதால், இதற்கும் குளிர்காலத்திலேயே முடிவெடுப்பது நல்லது.

முன்பணம் கட்டுவதற்கு முன் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கரை மணலா, பாறையா? டொக்கின் நுனியில் எத்தனை அடி ஆழம்? வீட்டிலிருந்து தண்ணீருக்கு எத்தனை படிகள்? கடைசிக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. பாறைச் சரிவில் கட்டப்பட்ட வீடுகளில் அறுபது எழுபது படிகள் இருப்பது அபூர்வமன்று. முழங்கால் வலியுள்ள அப்பம்மாவை அழைத்துச் சென்று, மூன்று நாளும் அவர் மேல்மாடத்திலிருந்து பேரப்பிள்ளைகளின் குரலை மட்டும் கேட்டிருந்த வீடு ஒன்றை நான் அறிவேன். போய் இறங்கியதும், வீதியோரப் பலகையில் உள்ள இலக்கத்தையும் வீதியின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட வேண்டும். அவசர உதவிக்கு 911ஐ அழைக்கும் பதற்றத்தில், காட்டுப் பாதை ஒன்றின் முடிவிலுள்ள வாடகை வீட்டின் முகவரி எவர் நினைவுக்கும் வராது. மருத்துவமனைகள் பிரேஸ்பிரிட்ஜிலும் ஹண்ட்ஸ்வில்லிலும் உள்ளன. எது அருகில் என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளலாம்.

எப்போது போவது என்பதில் நம்மவர் பழக்கம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மே நீண்ட வார இறுதியில் வெயில் அடித்தாலும், ஏப்ரலில்தான் பனிக்கட்டி விலகிய ஏரி அது. எதிர்பாராமல் விழுபவருக்கு அந்தக் குளிரில் மூச்சுத் திணறிவிடும். கருநிறக் கடி ஈக்கள் மே நடுப்பகுதியிலிருந்து யூன் வரை கழுத்திலும் காதோரத்திலும் இரத்தம் வரக் கடிக்கும்; அவற்றைத் தொடர்ந்து நுளம்பு. ஓகஸ்ட் முதல் வார இறுதியிலோ, மஸ்கோகாவின் தென்பகுதி ஊரான கிரேவன்ஹர்ஸ்டுக்கு இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய பயணம் வெள்ளி பின்னேரத்தில் நான்கு மணி நேரமாகிவிடும். ஓகஸ்ட் கடைசி வாரமும், தொழிலாளர் தினத்துக்குப் பிறகு வரும் செப்ரெம்பர் முதல் இரு வார இறுதிகளும்தான் என் அனுபவத்தில் மிகச் சிறந்தவை: தண்ணீரில் இன்னும் கோடையின் சூடு இருக்கிறது, நுளம்பு குறைந்துவிடுகிறது, வாடகையும் இறங்குகிறது. இலை நிறம் மாறுவதைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒக்ரோபரில் வரும் நன்றி தெரிவித்தல் தின வார இறுதிக்குக் காத்திருக்கிறார்கள். ஆனால் ஹண்ட்ஸ்வில்லுக்குக் கிழக்கே உயரமான நிலத்தில் உள்ள அல்கொன்குயின் பூங்காவில் மேப்பிள் மரங்களின் சிவப்பு வழக்கமாகச் செப்ரெம்பர் கடைசியிலேயே உச்சம் அடைந்து, அந்த வார இறுதிக்குள் பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. அங்கு பகல்நேர வாகன அனுமதியையும் முன்கூட்டியே பதிவு செய்யாமல் போனால் வாசலிலிருந்தே திரும்ப நேரிடலாம்.

தண்ணீரில் இறங்க முடியாத முதியவர்களுக்கும் அங்கே நாள் போகும். கிரேவன்ஹர்ஸ்ட் துறையிலிருந்து புறப்படும் செக்வுன் என்ற நீராவிக் கப்பல் 1887இல் கட்டப்பட்டது. அதன் மேல்தளத்தில் அமர்ந்து தீவுகளையும் பழைய மாளிகைகளையும் பார்த்து வரலாம். சீனாவில் போர்க்களத்தில் சேவை செய்து புகழ்பெற்ற மருத்துவர் நோர்மன் பெத்யூன் 1890இல் பிறந்த வீடும் அதே ஊரில் காக்கப்பட்டிருக்கிறது. இரவில் டொக்கில் அமைதியாக உட்கார்ந்தால் லூன் பறவையின் நீண்ட அழைப்பு ஏரியின் மறுகரையிலிருந்து வரும். நமது ஒரு டொலர் நாணயத்தில் பொறித்திருப்பது அந்தப் பறவையைத்தான். குளிர்ந்த நீரின் மேலே ஒலி வெகுதூரம் செல்லும் என்பதால், நாம் ஒலிபெருக்கியில் போடும் பாடலும் அவ்வாறே மறுகரை வீடுகளுக்குள் போகிறது என்பதை இளைஞர்கள் அன்புகூர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கோடை தொடங்கியதும் தங்கள் பத்திரிகையில் வாடகை வீடுகளின் விளம்பரங்கள் பக்கம் நிறைய வருகின்றன, அவை வரட்டும். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன், தைப்பொங்கல் இதழில் ஒரே ஒரு பக்கத்தை ஒதுக்கி, நகரசபைகளின் நீச்சல் வகுப்புப் பதிவு நாள்களையும், கட்டணமின்றி வகுப்பு நடைபெறும் சமூக நிலையங்களையும், உரிமையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் தமிழில் வெளியிடுங்கள். ஆங்கில இணையத்தளங்களைத் தேடிப் படிக்க இயலாத அப்பம்மாக்களும் அம்மம்மாக்களும் தங்கள் பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து கடைசிப்பக்கம் வரை படிக்கிறார்கள். பேரப்பிள்ளையை வகுப்பில் சேர்த்தாயா என்று பிள்ளைகளைத் தினமும் கேட்டு நச்சரிக்கக்கூடியவர்களும் அவர்கள்தாம். எங்கள் குடும்பத்தில் பயன்படுத்தும் கேள்விப் பட்டியலைத் தட்டச்சு செய்து தங்கள் அலுவலகத்தில் நேரில் கொண்டுவந்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஸ்காபரோ.