முதியோர் மருந்துக்கென ஒரு நாள் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் தம் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள, ஐந்து ஆண்டுகளுக்குள் குறைந்தது இரண்டு புத்தாக்கப் பயிற்சிகளில் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு பயிற்சியும் ஒரு நாளுக்குக் குறையக் கூடாது என்றும் இந்திய பார்மசி கவுன்சில் 2015-இல் கொண்டுவந்த தொழில்நடைமுறை விதிகள் கூறுகின்றன. அந்த இரண்டு நாட்களில் ஒன்றை முழுவதுமாக முதியோரின் மருந்துப் பயன்பாட்டுக்கே ஒதுக்க வேண்டும். அந்த வகுப்பு மதுரைப் பகுதியிலேயே, தமிழிலேயே, எங்கள் ஊர்க் கடைகளுக்கு வந்துசேரும் மருந்துச் சீட்டுகளை முன்வைத்தே நடக்க வேண்டும். இதை வேண்டிக்கொள்ளவே இக்கடிதம். அரசுப் பணியில் மருந்தாளுநராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது திருமங்கலத்தில் ஒரு மருந்துக்கடையில் பகுதிநேரமாகப் பணியாற்றி வருகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, 2021-க்கான மதிப்பீட்டில் அது 13.6 விழுக்காடாக உயர்ந்து, கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நம் மாநிலம் நின்றது. பேரையூர், கள்ளிக்குடி, சேடபட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இந்த விகிதம் இன்னும் கூடுதலாகவே கண்ணில் படுகிறது. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல்கடந்தும் பிழைக்கப் போய்விட, ஊரில் தங்கியிருப்பவர்கள் தாத்தாவும் அப்பத்தாவும்தான். இவர்கள் பெரிய மருத்துவரைப் பார்ப்பது மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ. மருந்துக்கடைக்காரரையோ அடிக்கடி பார்க்கிறார்கள். காலியான மாத்திரை அட்டையை நீட்டி, “இதையே ஒரு பத்து குடுப்பா” என்று கேட்கிறார்கள். அந்த அட்டையை வாங்கிப் பார்க்கும் கைக்கு முதுமையைப் பற்றி என்ன தெரியும் என்பதே என் கவலை.

என் தலைமுறை மருந்தாளுநர்கள் டி.ஃபார்ம் என்ற மருந்தியல் பட்டயப் படிப்பைப் படித்தபோது, மருந்தின் அளவு என்றால் குழந்தைக்கு இவ்வளவு, பெரியவருக்கு இவ்வளவு என்ற இரண்டே கணக்குதான் மனத்தில் பதிந்தது. எண்பது வயதுக்காரரும் முப்பது வயதுக்காரரும் ஒரே ‘பெரியவர்’ வரிசையில் நின்றார்கள். ஆனால் முதுமையில் உடலின் நீர்ப்பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. அதனால் டயசிபாம் போன்ற தூக்க மாத்திரைகள் உடலில் நெடுநேரம் தங்கி, மறுநாள் பகலிலும் தள்ளாட வைக்கின்றன. கல்லீரலின் வேகமும் தணிகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது சிறுநீரகம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசிரியர் இடம்தர வேண்டுகிறேன்.

ஆய்வகத் தாளில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் 1.2 என்று இருந்தால் பலரும் ‘நார்மல்’ என்று மடித்து வைத்துவிடுகிறோம். காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகத்தை அறிய 1976-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. 140-இலிருந்து வயதைக் கழித்து, உடல் எடையால் பெருக்கி, வரும் தொகையை 72-ஐயும் கிரியாட்டினின் அளவையும் பெருக்கிய எண்ணால் வகுக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். முப்பது வயதும் 60 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்குக் கிரியாட்டினின் 1.2 என்றால், அவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 65 மி.லி. வடிகட்டுகிறது என்று விடை வரும். அதே 1.2, வயது 78-ம் எடை 45 கிலோவும் உள்ள ஓர் அம்மாவுக்கு வந்தால் விடை 27-தான். சர்க்கரை நோயால் கால் எரிகிறது என்று வருகிற முதியவர்களுக்கு இன்று பரவலாக எழுதப்படும் பிரிகாபலின் மாத்திரை, நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு நாளொன்றுக்கு 600 மி.கி. வரை போகலாம், 15-க்கும் 30-க்கும் இடையில் இருப்பவருக்கு 150 மி.கி.தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் மயக்கம், தள்ளாட்டம், கீழே விழுதல். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த மூதாட்டியின் வீட்டார், அதற்கு ஒரு மாத்திரையும் காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைத்தே பார்ப்பதில்லை. கைப்பேசியிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய இந்தக் கணக்கை ஒரு காலை வகுப்பில் எவருக்கும் கற்றுத்தர முடியும்.

அடுத்தது, ஒரே மருந்து இரண்டு பெயர்களில் ஒரே வீட்டுக்குள் புழங்குவது. அரசு மருத்துவமனையில் உறைக்குள் போட்டுக் கொடுத்த, இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினும், தனியார் மருத்துவர் நிறுவனப் பெயரில் எழுதிய அம்லோடிபினும் வேறுவேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் விழுங்குகிறவர்களை மாதம் தவறாமல் காண்கிறேன். சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரையோடு தனி மெட்ஃபார்மினையும் சாப்பிடுகிறவர்கள் அதைவிட அதிகம். ஐந்து மாத்திரை கேட்பவருக்காக அட்டையைக் கத்தரிக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதி நாளும் உள்ள பகுதி கடையிலேயே தங்கிவிடுகிறது. வீட்டுக்குப் போவது பெயரில்லாத வெள்ளை மாத்திரை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத, கண்புரை விழுந்த ஒருவர் அதைக் கொண்டு என்ன செய்வார்? பெயர் உள்ள பகுதியை அவருக்குக் கொடுத்து மற்றதைக் கடையில் வைத்துக்கொள்வதற்கு எந்தச் செலவும் இல்லை. அது ஒரு பழக்கம், அவ்வளவே.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயென்று கருதி இன்னொரு மருந்தைச் சேர்க்கும் சங்கிலியும் முதியோரிடம்தான் மிகுதி. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் மாத்திரை வருகிறது. நீர் மாத்திரையால் இரவில் நான்கு முறை எழ நேர்கிறது. எழும்போது தலை சுற்றி விழுகிறார். வலிக்கு டைக்ளோஃபெனாக் சேர்கிறது. எனாலபிரில் என்ற இன்னொரு இரத்த அழுத்த மருந்து, நீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒருவர் உடலில் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் ஆபத்து உண்டு என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி பல நேரங்களில் சீட்டே இல்லாமல் எங்கள் கவுண்டரிலேயே கோக்கப்படுகிறது என்பதை என் சக மருந்தாளுநர்கள் மறுக்க மாட்டார்கள். சளிக்குக் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரையும் அத்தகையதே: புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்களுக்கு அது சிறுநீரை அடைத்துவிடக்கூடும், சிலருக்கு மனக்குழப்பத்தையும் உண்டாக்கும். ‘அப்பாவுக்குத் திடீரென்று புத்தி தடுமாறுகிறது’ என்று சொல்லிக்கொண்டு வரும் மகனிடம், கடந்த ஒரு வாரத்தில் புதிதாக என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று முதலில் கேட்கத் தெரிந்தவராக மருந்தாளுநர் இருக்க வேண்டும்.

முதியோருக்கு எந்தெந்த மருந்துகளைத் தவிர்ப்பது நல்லது என்று கூறும் பீர்ஸ் பட்டியல் அமெரிக்காவில் 1991-இல் வெளிவந்து, 2023 வரை பலமுறை புதுப்பிக்கப்பட்டது. அதைப் பாடமாக வைப்பது பயன்தரும். ஆனால் அந்தப் பட்டியலில் எங்கள் ஊர் இருக்காது. கந்த சஷ்டிக்குத் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டிக்கொண்டு ஆறு நாள் விரதம் இருக்கும் அம்மாக்கள், உணவை நிறுத்தினாலும் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதில்லை. மாத்திரையை விடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர்களே நாம்தானே. ரம்ஜான் நோன்பு வைக்கும் கோரிப்பாளையத்துப் பெரியவர்களுக்கும் இதே சிக்கல்தான். சாப்பிடாத வயிற்றில் அந்த மாத்திரை சர்க்கரையை இறக்கினால், முதியவரிடம் அது நீண்ட நேரம் நீடிக்கும். விரதத்தைக் கைவிடச் சொல்லிப் பயனில்லை. விரதம் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரையின் அளவையும் வேளையையும் மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும், அதைப் பஞ்சாங்கம் பார்த்து முந்திச் சொல்ல வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை வெயிலில் நீர் மாத்திரை சாப்பிடுகிறவரின் உடலில் நீரும் சோடியமும் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வருவதும், உசிலம்பட்டியிலிருந்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குப் பேருந்தில் வரும் பெண்கள் வழியில் கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சி அன்று காலை நீர் மாத்திரையை விட்டுவிடுவதும் எந்த வெளிநாட்டுப் பாடநூலிலும் இராது. விட்டுவிட்டோம் என்று மருத்துவரிடம் சொல்லவும் அவர்கள் தயங்குகிறார்கள். அழுத்தம் கூடியிருக்கிறதென்று இன்னொரு மாத்திரை எழுதப்படுகிறது. இவற்றை அறிந்தவர்கள் இங்குள்ள மருந்தாளுநர்களும் செவிலியர்களும்தான். ஆகவே வகுப்பு, மேடையில் ஒருவர் படம் காட்டி மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதாக இல்லாமல், பங்கேற்பவர்கள் தாங்கள் கண்ட சீட்டுகளை நோயாளியின் பெயரை நீக்கிக் கொண்டுவந்து விவாதிப்பதாக அமைய வேண்டும்.

முதியோர் மருத்துவத்தில் தமிழகம் பின்தங்கிய மாநிலம் அன்று. 1978-இலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வ.செ.நடராசன் அவர்களின் முயற்சியால் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிப் பிரிவு தொடங்கியது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்கிறது. மருந்து வாசலுக்கு வந்துவிட்டது. மருந்தைப் பற்றிய அறிவும் அதே தூரம் வர வேண்டாமா?

மருத்துவர் எழுதியதை மருந்தாளுநர் திருத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சந்தேகம் எழுந்தால் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, மரியாதையோடும் தெளிவோடும் இரண்டு வரியில் சொல்லத் தெரிய வேண்டும். அதுவும் பயிற்சியால்தான் வரும். 2015 விதிகளிலேயே நோயாளிக்கு ஆலோசனை கூறுவது மருந்தாளுநரின் கடமையாக வகுக்கப்பட்டிருக்கிறது. பக்கவிளைவு என்று ஐயம் எழுந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் எவரும் தெரிவிக்கலாம். ஆனால் இந்த எண்ணைக் கேள்விப்படாத மருந்தாளுநர்களை நான் நிறையவே சந்தித்திருக்கிறேன்.

கடையில் கூட்டம் நிற்கும்போது ஆலோசனை சொல்ல எங்கே நேரம் என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மருந்துக்கு மேல் வாங்கும் முதியவருக்கு மட்டும், கூட்டம் இல்லாத பிற்பகலில் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னால் போதும். பயிற்சி நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் இருப்பதும், வீட்டுப் பொறுப்புள்ள பெண் மருந்தாளுநர்கள் வந்து போகத் தோதாக நேரத்தை வைப்பதும் உரிமையாளர்களும் அமைப்பாளர்களும் செய்ய வேண்டிய உதவி.

மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தே மருந்தியல் கல்லூரியும் இருக்கிறது. முதியோர் நோய்களை அன்றாடம் பார்க்கும் பேராசிரியர்கள் பனகல் சாலை இராஜாஜி மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள். தமிழ்நாடு பார்மசி கவுன்சில் அவர்களோடு கலந்து ஒரு பாடத்திட்டத்தை வகுத்து, முதல் வகுப்பை நகரத்து விடுதியில் வைக்காமல் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நடத்த முன்வர வேண்டும். அதற்கான மருந்துச் சீட்டுகளைப் பெயர் நீக்கித் தொகுத்துத் தரவும், உடனிருந்து வகுப்பை நடத்தவும் நானும் என்னைப் போல் ஓய்வுபெற்ற மருந்தாளுநர்கள் சிலரும் ஊதியம் கருதாமல் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.