கனித் தட்டு பிள்ளையின் கண் உயரத்தில் இருக்கட்டும்

நாகர்கோவில்,
பங்குனி 12

மக்கா,

சித்திரை 1 இந்த வருஷம் ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை. பெரியவனுக்குப் பள்ளிக்கூடம், மாப்பிள்ளைக்கு வேலை. எல்லாவற்றையும் அந்த ஒரு நாளிலேயே திணிக்காதே. செவ்வாய் காலை கண் விழித்ததும் பழமும் பூவும் காசும் அடுக்கிய தட்டைப் பார்க்கிற கனி காண்பதும், பிள்ளைகள் கையில் காசு கொடுக்கிற கைநீட்டமும் மட்டும் போதும், பத்து நிமிஷ வேலை. இலை போட்டுச் சாப்பாடு 18ஆம் தேதி சனிக்கிழமை. கனி காணும் நாளை மாற்றக் கூடாது. பாயசம் நாலு நாள் பிந்தினால் குடி முழுகிப் போகாது. நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். இங்கே அதற்குள் மண்டை காயும், இங்கிலாந்தில் உங்கள் லீட்ஸில் அப்போதுதான் கையுறையைக் கழற்றுவீர்கள். பெயருக்கு ஏற்ற இளவேனில் உங்களுக்குத்தான் வாய்த்திருக்கிறது.

கனி உண்மையில் பிள்ளைகளுக்கு உள்ளது. தட்டு அடுக்குகிறவளுக்கு அதில் புதுமை எதுவும் கிடையாது, ராத்திரியே பார்த்துவிடுகிறாள். அதனால் பெரியவன் எவ்வளவு கெஞ்சினாலும் அடுக்கும்போது பக்கத்தில் விடாதே. அவனுக்கு வேறு வேலை கொடு: ஞாயிற்றுக்கிழமை கடையில் மாங்காயை அவனே பொறுக்கி எடுக்கட்டும். தான் எடுத்த மாங்காயே விளக்கு வெளிச்சத்தில் தட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறபோது அவன் முகத்தைப் பார்.

பிள்ளைகள் இருவரும் தூங்கிய பிறகு, ஒன்பதரை மணிக்கு மேல் ஆரம்பி. தாம்பாளத்தில் ஒரு கிலோ அரிசியைக் கொட்டிப் பரப்பு. அரை கிலோ போட்டால் பழம் உருளும். அரிசி தடிமனாக இருந்தால்தான் தேங்காயும் மாங்காயும் அசையாமல் நிற்கும். கனிவெள்ளரி அங்கே கிடைக்காது. சின்ன மஞ்சள் முலாம்பழம் ஒன்று வாங்கினால் அந்த இடத்துக்கு அழகாகப் பொருந்தும். பலாவுக்காக அலையாதே, டின்னில் வருகிற சுளையைக் கனியில் வைத்து என்ன பயன்? வாழைப்பழத்தை விளக்குக்கு எட்டத்தில் வை, சூடு பட்ட பக்கம் கறுத்துவிடும். வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்து காலையில் கடைசியாகச் செருகு. உன் ஒரு வளையல், பிள்ளைகளின் புதுத்துணி, மடித்த வேஷ்டி, பாக்கு, காசு. இவ்வளவு போதும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது கண்ணாடியில்தான். பெரியவர்கள் நின்றபடியே பார்த்துச் சாய்த்து வைப்பார்கள். மூன்றடி உயரப் பிள்ளை வந்து நின்றால் அதில் தெரிவது மேல்சுவர். பழத்துக்கும் பூவுக்கும் நடுவில் தன் முகத்தைப் பார்ப்பதுதானே கனி. தாம்பாளத்தை ஒரு முழ உயர ஸ்டூலில் வைத்துவிட்டு, நீ தரையில் முட்டி போட்டு, பெரியவன் கண் இருக்கும் உயரத்தில் உன் கண்ணை வைத்துப் பார். நெற்றியிலிருந்து தாடை வரை தெரிகிறதா? தெரியாவிட்டால் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அரிசியைக் குவித்து முன்பக்கமாகக் கொஞ்சம் நிமிர்த்து. பிளாஸ்டிக் கண்ணாடி கிடைத்தால் அதையே வாங்கு, விழுந்தாலும் உடையாது.

தட்டு தாழ்வாக இருந்தால் சின்னவளுக்கு எட்டும். பத்து மாதப் பிள்ளை, பிடித்து எழுந்து நிற்கிற வயசு. ஆகவே குத்துவிளக்கைத் தட்டின் பக்கத்தில் வைக்கவே வைக்காதே. தட்டுக்குப் பின்னால் உள்ள அலமாரியில், உன் தோள் உயரத்துக்கு மேல், திரைச்சீலைக்கு எட்டாத இடத்தில் ஒரே ஒரு திரி. வெளிச்சம் மேலிருந்து பழத்தின் மேல் விழுந்தால் இன்னும் நன்றாகவே இருக்கும். இடுப்பில் பிள்ளையோடு விளக்கருகே போகாதே, அவள் கை நீளுகிற வேகம் நமக்கு வராது.

தீக்குப் பயந்து பேட்டரி விளக்கு வைக்கிறவர்கள் உண்டு. அதில் பட்டன் பேட்டரி இருக்கும். அதன் மூடிக்குத் திருகாணி இல்லாவிட்டால் வாங்காதே. பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைத்துக்கொண்டிருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். இன்னொன்று கற்பூரம். கட்டிக் கற்பூரத்துக்கும் கற்கண்டுக்கும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது, சின்ன அளவு வயிற்றில் போனாலே வலிப்பு வரும். கனியன்று கற்பூரமே வேண்டாம் என்பேன். சாம்பிராணியும் வேண்டாம், புகை அலாரம் அலறினால் கனி பார்க்கிற பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அழும். அதற்காக அலாரத்தை மூடி வைக்கிறார்களாம் சில வீடுகளில், அந்தப் புத்தி நமக்கு வேண்டாம்.

பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கே சரக்கொன்றை மரம் முழுக்க மஞ்சளாய்த் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு கொத்து ஒடித்தால் முடிந்தது. அங்கே மஞ்சள் பூ என்றதும் எல்லோரும் டாஃபடில் கட்டு வாங்குவார்கள். அது வேண்டாம். கிழங்கிலிருந்து பூ வரை விஷம், தண்டிலிருந்து வடிகிற பால் பட்டால் தோல் அரிக்கும், பூ நின்ற ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் வாந்தி வரும். சின்னவள் எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயசில் அது வீட்டிலேயே இருக்க வேண்டாம். ஃபோர்சித்தியா என்ற புதர் இருக்கிறது. இலை வருவதற்கு முன்பே குச்சி முழுக்க மஞ்சளாய்ப் பூக்கும், மார்ச் ஏப்ரலில் உங்கள் பக்கத்து வேலிகளில் பார்க்கலாம். அதில் விஷம் இல்லை. இரண்டு குச்சி கேட்டு வாங்கி வை, தூரத்துக்குக் கொன்றை போலவே இருக்கும். அச்சு அசல் சரக்கொன்றை மாதிரியே சரம் சரமாய்த் தொங்குகிற லேபர்னம் என்று இன்னொரு மரம் உண்டு, மே மாத வாக்கில் பூக்கும். 'அட, நம்ம கொன்றை' என்று பிள்ளை கையில் கொடுத்துவிடாதே. பூ, காய், விதை எல்லாமே கடும் விஷம்.

காலையில் நாலரைக்கு எழுப்ப வேண்டாம். அங்கே ஏப்ரல் நடுவில் ஆறேகால் வாக்கில் சூரியன் வந்துவிடும். நீ ஐந்தே முக்காலுக்கு எழுந்து, திரைச்சீலையை இழுத்து மூடி, விளக்கை ஏற்று. பெரியவனை ஆறரைக்கு எழுப்பு. கண்ணைத் துணியால் கட்டினால் சில பிள்ளைகள் மிரளும். உன் உள்ளங்கையால் மூடி, பின்னால் நின்று நடத்திக்கொண்டு வா. வழியில் பொம்மை, செருப்பு எதுவும் கிடக்காமல் ராத்திரியே கூட்டி வை. தட்டின் முன்னால் வந்ததும் கையை எடு, ஒன்றும் பேசாதே. 'என்ன தெரியுது, சொல்லு' என்று உடனே பரீட்சை வைக்கிறதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. போன் பிடித்து வீடியோ எடுப்பதும் வேண்டாம், அவன் கனியை விட்டுவிட்டு போனைப் பார்த்துச் சிரிப்பான். பார்த்து முடித்த பிறகு கூப்பிடுங்கள். உங்களுக்கு ஏழு மணி என்றால் இங்கே பதினொன்றரை. நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்போம்.

கைநீட்டம் பெரியவனுக்கு ஒரு பவுண்டு நாணயம், உள்ளங்கையில் வைத்து அழுத்திக் கொடு. சின்னவளுக்கு நாணயம் கூடாது, ஐந்து பவுண்டு நோட்டைப் பாவாடையில் தொட்டு எடுத்துவிடு. டாய்லெட் பேப்பர் சுற்றிவருகிற அட்டைக் குழாய்க்குள் நுழைகிற எதுவும் அவள் கையில் போகக் கூடாது என்று வைத்துக்கொள். பாக்கும் அந்தக் கணக்கில்தான்.

எண்ணெய்க் குளியல் அன்று காலையில் வேண்டாம். பள்ளிக்கூட அவசரத்தில் ஈரத்தலையோடு குளிரில் போவான். சனிக்கிழமை பத்து மணிக்கு வெயில் வந்த பிறகு வை. கிண்ணத்தை வெந்நீரில் இறக்கி எண்ணெயைச் சூடாக்கு, அடுப்பில் நேராக வைக்காதே. தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. எண்ணெய் பட்ட பிள்ளை கையில் நிற்காது, ஒருவர் பிடிக்க ஒருவர் ஊற்றுங்கள். மூக்கில் எண்ணெய் விடச் சொல்லி யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே, அது நுரையீரலுக்குள் இறங்கும்.

இனி சனிக்கிழமைச் சமையல். பாயசம், பச்சடி இரண்டிலும் கெடுவது ஒரே இடத்தில்: வெல்லத்தை அவசரப்பட்டுப் போடுவது. இனிப்பு விழுந்த பிறகு பருப்பும் வேகாது, மாங்காயும் குழையாது. எவ்வளவு கொதித்தாலும் விறைத்துக்கொண்டே நிற்கும்.

பாசிப்பருப்பு 150 கிராம், வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, 600 மில்லி தண்ணீரில் விரலால் நசுங்குகிற பதத்துக்கு வேகவிடு. இந்த இடத்தில் சின்னவளுக்கு இரண்டு கரண்டி தனியாக எடுத்துவிடு, ஒரு வயசு ஆகும்வரை அவளுக்கு உப்பும் வேண்டாம் வெல்லமும் வேண்டாம், தேன் கண்டிப்பாகக் கூடாது. பிறகு 225 கிராம் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்று. தேங்காய்ப்பால் 400 மில்லி டின்னில் பாதியை அதே அளவு தண்ணீரில் கலந்தால் அது இரண்டாம் பால், இதோடு பத்து நிமிஷம் கொதிக்கட்டும். மீதிப் பாதி முதல் பால், அடுப்பை அணைத்த பிறகுதான். கொதியில் ஊற்றினால் திரிந்துபோகும். முந்திரியை முழுசாகப் போடாமல் பொடித்துப் போடு, ஐந்து வயசுக்குள் முழுக் கொட்டை புரையேறும். சின்னவள் முந்திரி இதுவரை சாப்பிட்டதில்லை என்றால் விருந்து நாளில் ஆரம்பிக்காதே. ஒத்துக்கொள்ளாமல் போனால் எதனால் என்றே தெரியாது.

பச்சடிக்கு 300 கிராம் மாங்காய், தோல் சீவி நீளவாக்கில் நறுக்கி, ஒரு கப் தண்ணீரும் மஞ்சளும் உப்பும் போட்டு மசியும்வரை வேகவை. அதற்குப் பிறகு 150 கிராம் வெல்லம், கடைசியில் ஒரு டீஸ்பூன் அரிசி மாவுக் கரைசல். கடுகும் இரண்டு வற்றல் மிளகாயும் தாளித்துப் பெரியவர்கள் பங்கில் மட்டும் ஊற்று. சூப்பர்மார்க்கெட்டில் வருகிற சிவப்பும் பச்சையுமான மாம்பழம் கல் போல இருந்தாலும் புளிக்காது. அதுதான் கிடைத்தது என்றால் நெல்லிக்காய் அளவு புளி கரைத்து விடு. அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்பு பிடித்துக்கொள்ளும்.

வேப்பம்பூ நம் வீட்டில் அவ்வளவாகப் போடுவதில்லை, மாப்பிள்ளை வீட்டில் அது இல்லாமல் வருஷப் பிறப்பே இல்லை. காய்ந்த பூ ஒரு டேபிள்ஸ்பூன், ஒரு டீஸ்பூன் நெய்யில் சின்னத் தீயில் பழுப்பாக வறுத்து அவரவர் பங்கில் தூவு. கருகினால் கசப்பு நாக்கை விட்டுப் போகாது. பெரியவனுக்கு ஒரே ஒரு பூ, அவன் முகம் சுளிப்பதைப் பார்க்கத்தான். வேப்பெண்ணெயை மட்டும் எந்த மருந்தென்று சொன்னாலும் பிள்ளைகள் வாயில் விடாதே. மலேசியாவில் அப்படிக் கொடுத்துக் குழந்தைகளுக்கு ஈரலும் மூளையும் பாதித்ததை 1981இலேயே லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

கனித் தட்டைச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எடுத்துவிடு. அந்த அரிசியைச் சனிக்கிழமை பொங்கலாம். ஆனால் காசும் பாக்கும் அதற்குள் புதைந்து கிடக்கும், சல்லடையில் சலித்துவிட்டு எடு. ராத்திரி எத்தனை காசு வைத்தாய் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்துக்கொள். ஏழு வைத்திருந்தால் எடுக்கும்போதும் ஏழு இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் முதலில் சின்னவள் வாயைப் பார், அப்புறம் சோபா இடுக்கைப் பார்.

அம்மா