என் மகளுக்குத் தெரியாத ஒரு சிங்களச் சொல்

மலையகத்துப் பொலிஸ் நிலையங்களுக்குப் பொறுப்பான மேலதிகாரிகளுக்கு,

வணக்கம் ஐயா.

எங்கள் பக்கத்துப் பொலிஸ் நிலையங்களில் தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அந்தக் கணக்கு உங்கள் கையில்தான் இருக்கிறது. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் சொல்லும் முறைப்பாட்டைத் தமிழில் எழுதுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

போன சித்திரை வருஷம் முடிந்து கொஞ்ச நாளில், என் அம்மா டவுனுக்குப் போய்விட்டு பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்து ரோட்டில் நடந்து வரும்போது, மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் காதில் கிடந்த தோட்டை இழுத்துப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். இடது காது கிழிந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்து, வேலையை விட்டபோது கையில் வந்த ஈ.பி.எப். காசில் வாங்கிய தோடு அது, மற்றதெல்லாம் கூரைத் தகரத்துக்கும் பழைய கடனுக்கும் போய் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. சரி, போனது போகட்டும், முறைப்பாடாவது கொடுப்போம் என்று மறுநாள் காதில் கட்டோடு த்ரீவீல் பிடித்துப் போயிருக்கிறார்.

நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் வேலை செய்கிறேன். சிங்களம் பேசவும் வரும், எழுதவும் வரும். ஆனால் அன்றைக்கு நான் அங்கே இல்லையே. வீட்டில் இருந்தவர்களில் சிங்களம் படித்தவள் என் மகள் ஒருத்திதான். தரம் 7. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி என்று வாரத்தில் சில பாடவேளை, 'மகே நம', 'மகே பாசல' என்று படித்த சிங்களம். அவளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

பொலிஸ் நிலையத்தில் யாரும் கேவலமாகப் பேசியதாகச் சொல்ல மாட்டேன். அம்மாவுக்குப் பிளேன்டி கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைக்கு டொபி கூடக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ் எழுதுகிற மாத்தயா, அதாவது தமிழ் தெரிந்த அதிகாரி, லீவில், நாளைக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். போக வர இன்னொரு தடவை த்ரீவீலுக்குக் கொடுக்க அம்மாவிடம் காசு இல்லை. அப்புறம் மேசையில் இருந்தவர் என் மகளைப் பார்த்து உனக்குச் சிங்களம் தெரியுமா என்று கேட்க, அவளும் பெருமையாகத் தெரியும் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா சொன்னது, "ரெண்டு பேர் வந்து தோட்டப் பறிச்சிக்கிட்டுப் போயிட்டானுங்க." பறிக்கிறது என்றால் என் மகளுக்குத் தெரிந்தது கொழுந்து பறிக்கிறதுதான். அதற்குச் சிங்களத்தில் 'தளு கடனவா', அது அவளுக்குத் தெரியும். தோட்டுக்கு அது சரிவராது என்பதும் தெரியும். சரியான சொல் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு 'நெத்தி உனா' என்று சொல்லியிருக்கிறாள். காணாமல் போய்விட்டது.

தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, இத்தனை மாதம் ஒரு தகவலும் இல்லையே என்று நானே போய்க் கேட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்கள். தோடு காணாமல் போனதாக நாலு வரி. இரண்டு ஆட்கள் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை, அம்மா பார்த்து வைத்திருந்த நம்பரின் கடைசி இரண்டு எண்கள் இல்லை. காதில் இரத்தம் ஊறிய கட்டோடு முன்னால் நின்ற மனுஷியிடம் தோடு எப்படிக் காணாமல் போனது என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை போல. காணாமல் போன பொருளுக்குத் திருடனை எங்கே தேடுவது? கீழே அம்மாவின் கையெழுத்து இருந்தது. அந்தப் பக்கத்தில் தமிழில் இருந்தது அது மட்டும்தான்.

அன்றைக்கு இரவு மகள் கேட்டாள், "அப்பா, பறிச்சிட்டாங்கன்னு சிங்களத்துல எப்படிச் சொல்றது?" 'உதுரகத்தா' என்று சொன்னேன். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாள்.

ஐயா, சட்டம் என்னைவிட உங்களுக்குத் தெரியும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109ஆம் பிரிவு. வாயால் சொல்லும் தகவலை, சொன்ன மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதிகாரிக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால் சொல்பவரையே எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால்தான் வேறு தேசிய மொழியில் எழுதலாம், அதற்கும் காரணத்தைப் பதிய வேண்டும், விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். என் அம்மாவுக்குத் தமிழ் எழுத வரும். ஒரு வெள்ளைத் தாளை நீட்டியிருந்தாலே போதுமே. 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது 1987இல், நுவரெலியா மாவட்டத்துப் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் போட்டது 1999இல். பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே போனால் ஏழாம் வகுப்புப் பிள்ளை வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்து மரத்தில் ஒரு கிளையை விறகுக்கு வெட்டிவிட்டான் என்று ஆபீசிலிருந்து ஒரு போன் போனால், அன்றைக்கே ஜீப் மேலே ஏறி நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கே வருகிறது. அந்த முறைப்பாட்டில் மட்டும் ஒரு சொல் கூட மாறுவதில்லை. நுண்கடன் வசூலிக்க வருகிறவர்கள் என்ன அருமையாகத் தமிழ் பேசுகிறார்கள் தெரியுமா, தவணை, வட்டி, பிணை எல்லாம் சுத்தத் தமிழ். தேர்தல் வந்தால் துண்டுப்பிரசுரம் தமிழில் வாசல் வரைக்கும் வருகிறது. 2023இல் நாங்கள் இந்தியாவிலிருந்து வந்து 200 வருஷம் என்று மேடை போட்டு எல்லாரும் பேசினார்கள். எங்களிடம் வாங்க வேண்டியது எதுவாக இருந்தாலும் தமிழ் ஓடி வருகிறது, நாங்கள் ஒன்றைக் கேட்டுப் போனால் மட்டும் தமிழ் லீவில் இருக்கிறது!

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும்.

எங்களுக்குப் போனது ஒரு தோடு. புருஷன் அடித்தான் என்று சொல்லப் போகிற பொம்பளைக்கும் சில நேரம் இதே நிலைமைதான், மொழிபெயர்த்துச் சொல்ல, தான் பெற்ற பிள்ளையைத்தான் கூட்டிப் போக வேண்டியிருக்கிறது. அப்பா அம்மாவை எங்கே அடித்தார் என்று அந்தப் பிள்ளை சிங்களத்தில் சொல்ல வேண்டும். அந்த வாக்குமூலத்தில் என்ன எழுதியிருக்கும், என்ன விட்டுப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பணிவாகத் திரும்பவும் கேட்கிறேன். தமிழில் சொல்வதைத் தமிழில் எழுதுங்கள், வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எழுத ஆள் இல்லாத நிலையங்களுக்கு ஆளைப் போடுங்கள், இருக்கிற ஒருவர் லீவு போட்டால் பக்கத்து நிலையத்திலிருந்து ஒருவரை அனுப்ப ஒரு ஒழுங்கு செய்யுங்கள். அதுவரைக்கும் ஒரு தாளும் பேனையும் கொடுங்கள்.

வருகிற போயா, பௌர்ணமி லீவுக்கு ஊருக்குப் போகிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அதே மேசைக்கு வந்து அந்த நாலு வரியையும் திருத்தித் தரச் சொல்லிக் கேட்கப் போகிறேன். எனக்குச் சிங்களம் தெரியும், ஆனாலும் அன்றைக்கு நான் வாய் திறக்கப் போவதில்லை. அம்மா தமிழில் சொல்வார். தயவுசெய்து எழுதிக்கொள்ள ஒருவரை உட்கார வையுங்கள். மகளை நான் கூட்டி வர மாட்டேன்.

இப்படிக்கு,
தோட்டைப் பறிகொடுத்தவரின் மகன்