கட்டடத்தை மட்டும் குறை சொல்லலாமா?

ஆசிரியருக்கு,

நவீனக் கட்டடக்கலையின் கனவுகள் பற்றிய கட்டுரையில், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து புரூயிட்-ஐகோ குடியிருப்பு இரண்டே வரியில் முடிந்துவிட்டது. அது எனக்குக் குறையாகப் பட்டது.

ஏழைகளுக்காக 1950களில் கட்டப்பட்ட 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி. வடிவமைத்தவர் மினோரு யமசாகி. பின்னாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களும் அவர் கைவண்ணமே. செலவைக் குறைக்க, லிஃப்ட் 1, 4, 7, 10 ஆகிய தளங்களில் மட்டுமே நிற்கும். ஆறாவது தளத்துக்காரர் ஏழில் இறங்கி, காய்கறிப் பையோடு இருட்டுப் படிக்கட்டில் கீழே வரவேண்டும். வழிப்பறிக்காரர்கள் காத்திருந்ததும் அந்தப் படிக்கட்டுகளில்தான். 1972இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். நவீனக் கட்டடக்கலையே அன்று செத்தது என்று எழுதியவர்களும் உண்டு.

எனக்கு அது ஒப்பவில்லை. கட்டுவதற்கு அரசு பணம் தந்தது. பராமரிப்புக்கோ ஏழைகளின் வாடகையை நம்பியது. ஆட்கள் காலி செய்யச் செய்ய வாடகை குறைந்தது, பழுது பார்க்கப் பணமில்லை. (எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் இரண்டு நாள் நின்றாலே சங்கக் கூட்டம் சண்டையில் முடிகிறது!) யமசாகியின் முதல் வரைபடத்தில் தாழ்வான வீடுகளும் இருந்தன. எல்லாமே 11 மாடியானது சிக்கனம் பார்த்த அதிகாரிகளால். சரி, கட்டுரையாளர் இதையும் சேர்த்திருக்கலாமே?

— ஒரு வாசகர், திருச்சி