கடைவீதிச் சீரமைப்பு: பணி நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்களுக்குப் பணிக்குழுச் செயலாளர் வணக்கத்துடன் எழுதுவது.

வேலை முடிந்துவிட்டது. வடிகால், தெருவிளக்கு, கழிப்பறை மூன்றும் மதிப்பீட்டுக்குள், சொன்ன தேதியில் முடிந்தன. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதெல்லாம், வீதியில் பதித்த கல்லை ஏன் இரண்டு முறை போட்டீர்கள், கடை வாசலில் வண்டி நிறுத்தக் கட்டணம் எதற்கு என்பதுதான்.

முதலில் கல். பதித்த மூன்றாம் வாரம் மழை பெய்தது. மிதித்தால் ஒரு மூலை அமுங்கி மறு மூலை தூக்கியது. இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் முழங்கால் வரை பீய்ச்சியது. நாலைந்து கல்லைப் பெயர்த்துப் பார்த்தோம். அடியில் ஜல்லி இல்லை, தோண்டிய மண்ணே கிடந்தது. மண்ணை இடித்து இறுக்கும் திமிசு போட்ட தடமே இல்லை. ஒப்பந்தக்காரரைக் கேட்டால், "கேபிள் குழாய் இறங்கும் முன்பே கல்லைப் போடச் சொன்னது உங்கள் குழு. அப்புறம் குழாய்க்குத் தோண்டியவர்கள் சரியாக மூடவில்லை, நான் என்ன செய்ய?" என்றார். இதில் பாதி உண்மை. சீசன் வியாபாரத்துக்குள் வீதியைத் திறக்க வேண்டும் என்று அவசரப்படுத்தியது நாம்தான். அன்று கை தூக்கியவர்களில் இன்று கேள்வி கேட்பவர்களும் உண்டு. ஆனால் குழாயே போகாத கிழக்குப் பக்கத்திலும் கல் ஆடியதே, அங்கே தோண்டியது யார்? நாலு கடிதம் போட்டும் இதற்குப் பதில் வரவில்லை. கடைசியில் குழாய்ப் பக்கத்து மறுவேலைச் செலவை நாம் ஏற்றோம். கிழக்குப் பக்கத்தை அவர் கைக்காசில் போட்டுக் கொடுத்தார். கோர்ட்டுக்குப் போயிருக்கலாம் என்கிறார்கள். போயிருந்தால் வழக்கு முடியும் வரை தோண்டிய தெரு தோண்டியபடியே கிடந்திருக்கும். வேலைக்கு உத்தரவாதமாக அவர் கூலியில் பிடித்து வைத்த தொகை இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது. இன்னொரு மழைக்காலம் தாண்டாமல் அதை விடுவதாக இல்லை.

அடுத்து வண்டி. வாசலில் நிறுத்தக் காசு கேட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஒரு நாள் காலை கடை திறந்ததும், நின்ற வண்டிகளின் டயரில் சாக்பீஸால் கோடு போட்டோம். மாலையிலும் அதே கோடு, அதே இடம். பெரும்பாலும் முதலாளிகளும் ஊழியர்களும் வைத்த வண்டிகள். அதில் ஒன்று தலைவருடையது, ஒன்று என்னுடையது. அதனால்தான் மணிக்கணக்கில் கட்டணம், வசூலாகும் பணம் இதே வீதிக்கு என்று முடிவு செய்தோம். அமெரிக்காவில் பழைய பசடேனா கடைவீதிப் பகுதியில் 1993இல் வண்டி நிறுத்தக் கட்டண மீட்டர் வைத்தபோதும் கடைக்காரர்களைச் சம்மதிக்க வைத்தது இந்த வாக்குறுதிதான்.

வண்டியே கூடாது என்ற தரப்பினர் கோபன்ஹேகனைக் காட்டுகிறார்கள். அங்கே ஸ்ட்ராயெட் என்ற கடைவீதி 1962 முதல் நடப்பவர்களுக்கு மட்டும், சரி. ஆனால் அமெரிக்காவின் ஃப்ரெஸ்னோ நகரம் 1964இல் நடைவீதியாக்கிய 'ஃபுல்டன் மால்' என்ற கடைவீதியை 2017இல் மறுபடி வண்டிகளுக்குத் திறந்துவிட்டது. கடைகள் புறநகருக்குப் போன பின் நீரூற்றும் சிலையும் ஆளை இழுக்கவில்லை. எனவே சரக்கு வண்டி காலையில் மட்டும், மற்றவை கட்டணத்தோடு என்று நிறுத்திக்கொண்டோம்.

வரவேற்பு வளைவு எங்கே என்பவர்களுக்கு: வளைவுக்கான பணத்தில்தான் பூட்டிக் கிடந்த கடைகளின் முகப்பைச் சரிசெய்து, பெரிய முன்பணம் இல்லாமல் ஆறு மாத ஒப்பந்தத்தில் விட உரிமையாளர்களைச் சம்மதிக்க வைத்தோம். பாதிக் கடைகளுக்கு ஆள் வந்துவிட்டது. புதுக் கடைக்கான உரிமங்களை எல்லாம் ஒரே மேஜையில் தாருங்கள் என்று நகர நிர்வாகத்துக்குக் கொடுத்த மனு, ஏதோ ஒரு மேஜையில் இருக்கிறது.

சந்தாவுக்கு மேல் தந்தவர்கள்: ஜவுளிக்கடைகள் இரண்டு, நகைக்கடை, மருந்தகம், பாத்திரக்கடை, செருப்புக்கடை, பெயர் வேண்டாம் என்ற கண்ணாடிக் கடைக்காரர், மாடியில் இருக்கும் தையற்காரர் (இரண்டு தவணையில்). டொரண்டோவின் புளூர் மேற்குப் பகுதியில் 1970இலேயே வட்டாரக் கடைகள் எல்லாம் கட்டாயமாகப் பங்கு செலுத்தும் முறை வந்துவிட்டது. நம்மிடம் விருப்ப நன்கொடைதான். தந்தவரும் தராதவரும் ஒரே கல்லில்தான் நடக்கிறோம்.

கணக்கும், முடிந்த வேலையை அளந்து எழுதிய அளவுப் புத்தகமும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். மருந்தகத்துக்கு எதிரே ஒரு கல் மறுபடி ஆடுவதாக நேற்று ஒருவர் சொன்னார். நாளைக் காலை போய் மிதித்துப் பார்க்கிறேன்.