ஏற்றத்தின் மேல் ஏற்றம்

ஸ்கார்பரோ, ஒன்டாரியோ, கனடா

அன்புள்ள மணி,

வேளச்சேரி வீட்டுக்கு இந்த வருடமும் பத்து சதவீதம் ஏற்றிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். 20,000 ரூபாய்க்குக் குடிபோனவன் மூன்றே தடவையில் 26,620-ல் நிற்கிறாய். முப்பது சதவீதம்தானே என்று நினைத்திருப்பாய். ஏற்றத்தின் மேல் ஏற்றம், அதனால் முப்பத்துமூன்று!

எனக்கும் ஒரு கதை உண்டு. 2019-ல் இங்கே குடிவந்தபோது வாடகை 1,600 டாலர். வீட்டுக்காரர் நம்ம ஊர்ப் பக்கம்தான், ஐந்து வருடம் வாடகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2024 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, போனில் கால்குலேட்டரைத் திறந்தார். "2020-க்கு 2.2. மறு வருஷம் கொரோனா, அரசாங்கமே ஏத்தக்கூடாதுன்னுடுச்சு, விடுங்க. 2022-க்கு 1.2. அப்புறம் ரெண்டு வருஷத்துக்கும் ரெண்டரை ரெண்டரை." கூட்டினால் 8.4 சதவீதம். "அடுத்த மாசத்துலேருந்து 1,734 குடுத்துடுங்க." எல்லாம் அரசாங்கம் வருடா வருடம் இவ்வளவு ஏற்றலாம் என்று அறிவித்த அளவுதானே, எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டேன்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காதான் தடுத்தார். ஒன்டாரியோவில் விட்டுப்போன வருடங்களின் உயர்வைச் சேர்த்துவைத்து வாங்க முடியாதாம். 2024-ல் வீட்டுக்காரர் கேட்கக்கூடியது 2.5 சதவீதம் மட்டும், அதாவது 1,640. அதையும் என்-1 என்ற படிவத்தில் 90 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். காபிப் பேச்சு செல்லாது.

அடுத்து அக்கா சொன்னதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படிக் கூட்டிக் கேட்ட வாடகையை ஒரு வருடம் பேசாமல் கட்டிவிட்டால், அதுவே சட்டப்படியான வாடகையாகிவிடும். மௌனம் சம்மதம்! அக்காவும் அப்படிக் கட்டியவர்தான், அவருக்கு விஷயம் தெரிந்தது பதினான்காவது மாதத்தில்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு படிவத்தோடு வந்தார்.

இந்தப் பாதுகாப்பு எல்லோருக்கும் இல்லை. 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய கட்டடங்களுக்கு உச்சவரம்பே கிடையாது. அலுவலகத்தில் ஒரு பையன் பளபளவென்று புதுக் கட்டடத்தில் இருக்கிறான், ஒரே தடவையில் 300 டாலர் ஏற்றினார்கள். நாம் காலி செய்துவிட்டால் அடுத்து வருபவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதால், "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்று காலி செய்யச் சொல்வது இங்கேயும் உண்டு. அதற்கென்று தனிப் படிவமே வைத்திருக்கிறார்கள்!

உன் விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில் இந்த மாதிரி உச்சவரம்பு இல்லை, ஒப்பந்தத்தில் எழுதியபடிதான் உயர்வு. அப்படியானால் அந்தக் காகிதம்தான் உனக்கு எல்லாம். பத்து சதவீதம் என்பது முதல் வாடகையின் மேலா, அந்தந்த வருட வாடகையின் மேலா? முதல் வாடகையின் மேல் என்றால் இப்போது 26,000-தான் வர வேண்டும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பாய், உன்னைத் தெரியாதா எனக்கு?

அன்புடன்,
சேகர்